முள் ஏறினால் முதலில் யாரைச் சந்தேகிப்பது?

ரோட்டரி விமான எஞ்சினின் எக்ஸாஸ்ட் சூடு திடீரென்று எகிறுகிறது. நோய் எஞ்சினுக்கா, மீட்டருக்கா? ஆளில்லா விமானத்துக்குச் சொந்தமாக எஞ்சின் செய்து பறக்கவிட்ட பெங்களூருக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மார்கோசா சாலையில் உள்ள சி.டி.ஆர். ஓட்டலின் வெண்ணெய் மசால் தோசைக்காக ஞாயிறு காலைகளில் வரிசையில் நிற்கிறார்கள். தோசைக்கல்லின் சூட்டை அளக்க எந்த மாஸ்டரும் மீட்டர் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கை தண்ணீர் தெளிப்பார். அது ஓடும் வேகமும் எழும் சத்தமும் போதும். ஆனால் விமான எஞ்சினின் எக்ஸாஸ்ட் குழாயில் யாரும் தண்ணீர் தெளித்துப் பார்க்க முடியாது. அங்கே இருப்பது கம்பிபோல மெல்லிய ஓர் உணர்கருவியும் அது அனுப்பும் ஓர் எண்ணும்தான். அந்த எண் திடீரென்று ஏறினால் என்ன செய்வது என்பதில் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. பல சமயம் விமானத்தின் ஆயுளும்.

மல்லேஸ்வரத்துக்கு இந்த விஷயம் அந்நியமானதல்ல. பழைய பெங்களூர்வாசிகள் இன்னமும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 டிசம்பரில், அங்கே விமானப் பொறியியல் துறை தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமனின் ‘பஞ்சவடி’ இல்லம் மல்லேஸ்வரத்தில்தான் உள்ளது. நகரத்தின் கிழக்குக் கோடியில் அவர் பெயரைத் தாங்கிய சி.வி. ராமன் நகர் பகுதியில் ராணுவ ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் விமான மேம்பாட்டு அமைப்பு (ஏ.டி.இ.) இயங்குகிறது. இந்தியா சொந்தமாகச் செய்த ரோட்டரி எஞ்சின் முதன்முதலாகப் பறந்தது இந்த அமைப்பு உருவாக்கிய ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானத்தில்தான்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

ரோட்டரி என்ற சொல்லால் ஒரு குழப்பம் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்து ‘நோம்’ எஞ்சின்களையும் ரோட்டரி என்றுதான் அழைத்தார்கள். அவற்றில் சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பெல்லருடன் சேர்ந்து சுழலும். இப்போது ரோட்டரி என்றால் பெரும்பாலும் ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கல் கண்டுபிடித்த எஞ்சினைத்தான் குறிக்கும். ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனியில் 1957 பிப்ரவரி 1ஆம் தேதி அது முதலில் ஓடியது. ஜப்பானின் மாஸ்டா கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு கார்களில் பிரபலப்படுத்தியது. 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த மாஸ்டா காரில் இருந்ததும் ரோட்டரி எஞ்சின்தான்.

இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு சற்று ஒடுங்கிய முட்டைபோன்ற கூட்டுக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே நகர்கின்றன. ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அறை பெரிதாகிச் சிறிதாகி, காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றுகிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் தண்டு மூன்று முறை சுற்றிவிடும்.

சிறியது, லேசானது, அதிர்வு குறைந்தது. இந்த மூன்று குணங்களும் ஆளில்லா விமானத்துக்கு வரப்பிரசாதம். வயிற்றில் கேமரா சுமந்து பறக்கும் விமானத்துக்கு அதிர்வு ஆகாது. இருந்தும் ரோட்டரி எஞ்சினை உருப்படியாகச் செய்த நாடுகள் கொஞ்சம்தான். காரணம், முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சீல்கள். ஓயாமல் சுவரை உரசும் அந்தச் சிறு பட்டைகளும் அந்தச் சுவரின் பூச்சும் தேய்ந்தால் எஞ்சின் கதை முடிந்தது.

அந்தப் பூச்சில்தான் பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் (என்.ஏ.எல்.) கைவைத்தது. நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சை உருவாக்கி, எஞ்சினின் மையப் பகுதியையும் வடிவமைத்தது. மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் வாகன ஆய்வு மேம்பாட்டு அமைப்பு (வி.ஆர்.டி.இ.) பற்றவைப்பு, எரிபொருள் போன்ற துணை அமைப்புகளைக் கவனித்தது. பறக்கவிட்டுப் பார்த்தது ஏ.டி.இ. சுமார் 30 கிலோ எடை, 55 குதிரை சக்தி, ஒற்றை ரோட்டர். 2009 ஏப்ரல் 5ஆம் தேதி கோலார் விமானத் தளத்தில் இந்த எஞ்சினுடன் நிஷாந்த் முதன்முதலாக விண்ணேறியது. 35 நிமிடம் பறந்து 1.8 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. அதுவரை நிஷாந்த் பறந்தது இறக்குமதி எஞ்சினில்.

பிறவியிலேயே சூடு

ரோட்டரி எஞ்சினை முதன்முதலாக இயக்குபவர் எக்ஸாஸ்ட் மீட்டரைப் பார்த்துத் திடுக்கிடுவது இயல்பு. சாதாரண பிஸ்டன் விமான எஞ்சினில் இந்த மீட்டர் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். ரோட்டரியில் 900 டிகிரியும் அதற்கு மேலும் சகஜம். இதைக் கோளாறு என்று நினைத்து எஞ்சினைப் பிரிப்பவர், காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு மருந்து கொடுப்பவர்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, எரியும் அறையின் வடிவம். பிஸ்டன் எஞ்சினில் அது கிண்ணம் மாதிரி கச்சிதமானது. ரோட்டரியில் அது நீண்டு மெலிந்த பிறைபோன்றது, போதாக்குறைக்கு நகர்ந்துகொண்டே இருப்பது. தீ இந்தக் கோடியில் பற்றினால் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர நேரமாகிறது. பல ரோட்டரி எஞ்சின்களில் அறைக்கு இரண்டு பிளக் வைப்பது அதனால்தான். எரிந்து முடிவதற்குள் வெளியேறும் வழி திறந்துவிட, மிச்சமிருப்பது குழாயில் எரிகிறது.

இரண்டாவது, அளவுகோலின் சங்கதி. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒரு தரம்தான் புகை விடும். மற்ற நேரமெல்லாம் வால்வு மூடியிருக்கும், உணர்கருவி சற்று ஆறும். மீட்டர் காட்டுவது சூடும் ஆறுதலும் கலந்த சராசரி. ஒற்றை ரோட்டர் எஞ்சினிலோ தண்டு ஒரு சுற்று சுற்றினாலே ஒரு தரம் புகை வரும். ஒவ்வொரு முறையும் அது அதிக நேரம் நீடிக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு 100 முறை. உணர்கருவிக்கு ஓய்வே இல்லை. ஆக, வாயுவின் சூடு ஒன்றாகவே இருந்தாலும் ரோட்டரியின் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும்.

எனவே ‘900 டிகிரி ஆபத்தா?’ என்பது தவறான கேள்வி. ‘இந்த எஞ்சினில், இந்த வேகத்தில், இந்த இடத்தில் பொருத்திய கருவியில் வழக்கமாக எவ்வளவு?’ என்பதே சரியான கேள்வி. உணர்கருவியை எஞ்சின் வாசலிலிருந்து சில அங்குலம் தள்ளி வைத்தாலே எண் மாறிவிடும்.

சாட்சியை விசாரி

வழக்கத்தைவிட எண் ஏறியிருக்கிறது என்பது உறுதியானால், முதலில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது சாட்சியை. இந்தச் சாட்சியின் பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, அந்த முனையைச் சூடாக்கினால் மறுமுனைகளுக்கு இடையே சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் ஸீபெக் கண்டறிந்த விளைவு இது. எஞ்சின்களில் பெரும்பாலும் பயன்படுவது குரோமெல், அலுமெல் என்ற இரு கலப்புலோகங்களின் ஜோடி. டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட். 900 டிகிரியில்கூட மொத்தம் 37 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட் பேட்டரி தருவதில் நாற்பதில் ஒரு பங்கு.

இவ்வளவு சன்னமான குரலை எளிதில் கெடுக்கலாம். ஒரு மில்லிவோல்ட் தப்பாகச் சேர்ந்தால் எண் சுமார் 25 டிகிரி நகர்ந்துவிடும். உணர்கருவியின் முனை குழாயின் உலோகத்தைத் தொட்டிருந்து, விமானத்தின் எர்த் இணைப்பும் தளர்ந்திருந்தால், விளக்கைப் போட்டாலே எக்ஸாஸ்ட் சூடு ஏறும்! இதைக் கண்டுபிடிக்கும் வழி சுலபம். பம்ப், விளக்கு, ரேடியோ ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எஞ்சினின் சூடு ஸ்விட்ச் போட்ட நொடியில் மாறாது. மாறினால் குற்றவாளி மின்சாரம்.

தெர்மோகப்பிளிலிருந்து மீட்டர் வரை போகும் கம்பியும் அதே உலோக ஜோடியாக இருக்க வேண்டும். அவசரத்துக்குச் சாதாரண செம்புக் கம்பியால் ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு இருக்கும் இடத்தின் சூட்டுக்கும் மீட்டர் இருக்கும் இடத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கிலிருந்து காணாமல் போகும். எஞ்சின் பக்கத்தில் 80 டிகிரி, மீட்டர் பக்கத்தில் 30 டிகிரி என்றால் எண் சுமார் 50 டிகிரி குறைந்துவிடும். கம்பிகளை இரு முனையிலும் இடம் மாற்றி இணைத்துவிட்டாலோ நஷ்டம் சுமார் 100 டிகிரி.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒட்டுக் கம்பி, கரி படிந்த முனை, குழாயின் நடுவுக்கு எட்டாத கருவி என்று வழக்கமான கோளாறுகள் பலவும் எண்ணைக் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. கம்பி முழுவதும் அறுந்தால் சில மீட்டர்கள் எல்லைக்கே எகிறிவிடும்படி செய்யப்பட்டுள்ளன. எனவே ஒரே நொடியில் உச்சத்துக்குத் தாவிய எண்ணைச் சந்தேகிக்கலாம். நிதானமாக, படிப்படியாக ஏறிய எண்ணைச் சந்தேகிப்பது ஆபத்து. அது அநேகமாக உண்மையைச் சொல்கிறது.

சாட்சியைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மீட்டரைப் போட்டால் அது அன்றைய வெயிலின் சூட்டைக் காட்ட வேண்டும். அடுத்தது, கருவியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் நனைப்பது. ஆனால் பெங்களூரில் இதைச் செய்பவர் 100 டிகிரியை எதிர்பார்க்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. மல்லேஸ்வரத்து அடுப்பில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று டிகிரி குறைகிறதே என்று மீட்டரைத் திருகிச் சரிசெய்தால் அன்றிலிருந்து எல்லாக் கணக்கும் தப்பு.

குற்றவாளிகள் நான்கு பேர்

சாட்சி உண்மை பேசுகிறது என்று தெரிந்த பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும். சந்தேகப் பட்டியலில் நான்கு பேர்: எரிபொருள், பொறி, கசிவு, சீல்.

எரிபொருளில் தொடங்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்துக்கு அருகில்தான் எக்ஸாஸ்ட் சூடு உச்சத்தில் இருக்கும். பெட்ரோல் கூடினாலும் சூடு குறையும், மிகவும் குறைந்தாலும் சூடு குறையும். பெரும்பாலும் எஞ்சின்களைச் சற்றுக் கூடுதல் பெட்ரோலில்தான் ஓட்டுகிறார்கள். அந்த நிலையில் வடிகட்டியில் அடைப்போ, பம்ப்பின் அழுத்தத்தில் குறைவோ ஏற்பட்டால் கலவை மெலிந்து சூடு உச்சத்தை நோக்கி ஏறும். சோதனைக்குக் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கலாம். எண் இறங்கினால் எஞ்சின் இன்னும் உச்சத்துக்கு இப்பால்தான் இருக்கிறது. எண் ஏறினால் அது உச்சத்தைத் தாண்டி, மெலிந்த பக்கத்துக்குப் போய்விட்டது.

பெங்களூரின் உயரம் இங்கேயும் விளையாடுகிறது. இந்த மேட்டில் காற்று கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. உயரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளாத கார்புரேட்டரை இங்கே சரிபார்த்து, எஞ்சினைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் அடர்ந்த காற்றில் கலவை நான்கைந்து சதவீதம் மெலியும். இங்கே ஒழுங்காக இருந்த எண் அங்கே எகிறும். எதுவும் கெட்டுப்போகவில்லை, ஊர் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்து பொறி. பிளக்கில் பொறி தாமதமாக விழுந்தால் எரிவதும் தாமதமாகும், வேலை செய்ய வேண்டிய சூடு குழாய் வழியே வீணாகும். இரண்டு பிளக்கில் ஒன்று செத்தாலும் இதே கதி. எஞ்சின் நிற்காது. சத்தத்தில்கூடப் பெரிய மாற்றம் தெரியாது. சக்தி சற்றுக் குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். இங்கே இன்னொரு மீட்டர் துணைக்கு வருகிறது. எக்ஸாஸ்ட் சூடு ஏறி, குளிர்விக்கும் நீரின் சூடு ஏறாமலோ இறங்கியோ இருந்தால், எரிவது தாமதமாகிறது என்று பொருள். மாறாக நீரின் சூடு ஏறி எக்ஸாஸ்ட் சூடு இறங்கினால் பொறி முந்திக்கொள்கிறது. ஒரே மீட்டரை நம்பி முடிவெடுப்பவரைவிட இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் பாதி நேரத்தில் நோயைக் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது கசிவு. காற்று நுழையும் குழாயின் இணைப்பு தளர்ந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையை மெலிய வைக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கசிந்தால் வேறு வேடிக்கை. எரியாமல் வந்த பெட்ரோல் ஆவிக்குக் குழாயிலேயே காற்று கிடைத்து அங்கே எரியும். எஞ்சின் சரியாக இருக்கும், எண் மட்டும் ஏறும்.

கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது, முதலில் எல்லோரும் பயப்படுவது: முனை சீல். அது கசிந்தால் எரியும் வாயு அடுத்த அறைக்குள் புகும். ஆனால் அது தனியாக வராது. ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், சக்தி குறையும், அமுக்கச் சோதனையில் மூன்று அறைகளுக்கு இடையே வித்தியாசம் தெரியும். இந்த அறிகுறிகள் இல்லாமல் சீலைக் குறைசொல்லி எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு.

எண்ணை இறக்கும் அவசரத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பொறியை முன்தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், மீட்டர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அளவு மீறினால் கலவை வெடித்து எரியும். அந்த அடியில் முதலில் உடைவது முனை சீல். பெட்ரோலை வாரி ஊற்றினாலும் எண் இறங்கும், பிளக்கில் கரி படியும், பறக்கும் நேரம் குறையும். மீட்டரைச் சமாதானப்படுத்துவது வேறு, எஞ்சினைக் குணப்படுத்துவது வேறு.

விமானி இல்லாத முடிவு

விமானி இருக்கும் விமானத்தில் எண் ஏறினால் அவர் காதால் கேட்பார், அதிர்வை உடம்பில் உணர்வார், வாசனை பிடிப்பார். ஆளில்லா விமானத்தில் இந்த மூன்றும் கிடையாது. பல கிலோமீட்டர் தள்ளி, தரைக் கட்டுப்பாட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் திரையில் உள்ள எண்கள். நிஷாந்த் ஓடுபாதையில் இறங்கும் விமானமும் அல்ல. ஏவுவண்டியிலிருந்து கிளம்பி பாராசூட்டில் இறங்கும் ரகம். பொய்யான எண்ணை நம்பினால் வேலை பாதியில் நிற்கும், பாராசூட்டில் இறங்கிய விமானத்தைத் தேடிப் போக வேண்டும். உண்மையான எண்ணைப் பொய் என்று ஒதுக்கினால் விமானமே போய்விடும்.

எல்லை எது, எச்சரிக்கை எது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது இதனால்தான் முக்கியம். இறக்குமதி எஞ்சினோடு வருவது ஒரு கையேடு. அதில் ‘இந்த டிகிரியைத் தாண்டாதே’ என்று இருக்கும். ஏன் அந்த எண், அதை ஐந்து நிமிடம் தாண்டினால் எந்தப் பாகம் முதலில் போகும் என்பது செய்தவருக்குத்தான் தெரியும். சொந்தமாக எஞ்சின் செய்வதில் அந்நியச் செலாவணி மிச்சமாவது ஒரு லாபம். எது இயல்பு, எது நோய் என்று சொல்லும் அதிகாரம் கைக்கு வருவது அதைவிடப் பெரிய லாபம்.

நிஷாந்தின் கதை சுபமாக முடியவில்லை. ராணுவத்துக்குத் தரப்பட்ட நான்கும் 2015 நவம்பருக்குள் விழுந்து நொறுங்கின. மேற்கொண்டு வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு விமானம் விழப் பல காரணங்கள் உண்டு, எஞ்சின் அவற்றில் ஒன்று மட்டுமே. ஆனால் 2009இல் கோலாரில் பறந்த எஞ்சினுக்குப் பின்னால் இருந்த படிப்பு விமானத்தோடு போகிற சமாசாரம் அல்ல. பூச்சு செய்யத் தெரிந்ததும் ரோட்டரைக் கடைந்தெடுக்கத் தெரிந்ததும் ஒரு பாதி. சோதனைக் கூடத்தில் மணிக்கணக்காக ஓடவிட்டு எழுதிவைக்கும் எண்கள் மறு பாதி.

ரோட்டரி எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும் இந்த இரண்டாவது பாதி பொருந்தும். அமெரிக்காவில் பழைய மாஸ்டா கார் எஞ்சினைக் கழற்றிச் சொந்தமாகக் கட்டிய விமானத்தில் பூட்டிப் பறக்கும் ஆர்வலர்களுக்கும், சிறிய ஆளில்லா விமானங்களில் கைவைக்கும் இந்தியக் கம்பெனிகளுக்கும் இது ஒன்றுதான். எஞ்சின் நன்றாக இருக்கும் நாட்களிலேயே வேகம், உயரம், அன்றைய வெயில், எக்ஸாஸ்ட் சூடு, நீரின் சூடு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்க வேண்டும். முள் ஏறும் நாளில் யாரைச் சந்தேகிப்பது என்பதற்கு அந்த நோட்டுப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.